பழைய பாக்கெட் வாட்ச் கிரவுன் கழலவில்லையா? இழுக்கும் முன் இதைப் பாருங்கள்

பாக்கெட் வாட்சின் கிரவுன் கழலவில்லை என்று யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: ஸ்டெமைப் பிடித்து வைத்திருப்பது கேஸா, மெஷினா? இதற்குப் பதில் தெரியாமல் கிரவுனில் குறடு வைக்கவே கூடாது. உடைந்த ஸ்டெம், பிளந்த ஸ்லீவ், கீறல் விழுந்த கழுத்து என்று வருகிற பழைய வாட்சுகளில் பலவும் தானாகக் கெட்டவை இல்லை. கைக்கடிகாரத்தில் வருகிற மாதிரி இதிலும் வந்துவிடும் என்று நினைத்து யாரோ பலமாக இழுத்ததால் கெட்டவை.

பேச்சு குழம்பாமல் இருக்க நான் எதை எப்படிச் சொல்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாவி கொடுக்கத் திருகும் குமிழ் கிரவுன். அதிலிருந்து உள்ளே போகும் எஃகுக் கம்பி ஸ்டெம், அதன் நுனி சதுரமாக இருக்கும். கிரவுன் உட்காருகிற, சங்கிலி வளையம் மாட்டியிருக்கிற குழாய்ப் பகுதி கழுத்து. உள்ளே ஓடுகிற இயந்திரம் மொத்தமும் மெஷின், அதைச் சுற்றியிருக்கிற உலோகக் கூடு கேஸ். சிலவற்றில் கழுத்துக்குள் மறை போட்டுத் திருகிய சின்ன எஃகுக் குழாய் ஒன்று இருக்கும், அதன் கீழ்ப்பகுதி பிளந்து விரல்கள் மாதிரி நிற்கும். அதுதான் ஸ்லீவ். பாதிப் பிரச்சினை அதில்தான் இருக்கிறது.

ஏன் இரண்டு விதம் என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மெஷினை ஒரு கம்பெனி செய்யும், கேஸை வேறொரு கம்பெனி செய்யும். வாங்க வருகிறவர் நகைக்கடையில் மெஷினைத் தனியாகவும் கேஸைத் தனியாகவும் தேர்ந்தெடுப்பார், கடைக்காரர் அங்கேயே பொருத்திக் கொடுப்பார். அளவுகள் 18, 16, 12 என்று எண்ணால் ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தன (16 என்றால் சுமார் 43.2 மில்லிமீட்டர், 18 என்றால் சுமார் 44.9). எந்த 16 சைஸ் மெஷினும் எந்த 16 சைஸ் கேஸிலும் உட்கார வேண்டுமென்றால் ஸ்டெம் மெஷினோடு ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது, அதனால் அதைக் கேஸின் கழுத்திலேயே ஸ்லீவுக்குள் வைத்துவிட்டார்கள். சுவிஸ் வாட்சுகளில் பெரும்பாலும் இந்தத் தேவை இல்லை, அங்கே ஸ்டெம் மெஷினுக்குள் ஒரு சின்ன லீவரால் பிடிக்கப்பட்டிருக்கும், நம் கைக்கடிகாரங்களில் இருப்பதும் இதே ஏற்பாடுதான்.

உங்களிடம் இருப்பது எது?

பின்மூடியைத் திறந்து மெஷினில் எழுதியிருப்பதைப் படியுங்கள். வால்தம், எல்ஜின், ஹாமில்டன், இல்லினாய்ஸ், ஹாம்ப்டன் என்று இருந்தால் அநேகமாக ஸ்டெம் கேஸுடையது. லாஞ்சின்ஸ், ஒமேகா, ஜெனித் என்று இருந்தால் அநேகமாக மெஷினுடையது. டயலில் இருக்கும் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். நம் பக்கத்து வீடுகளில் தாத்தா காலத்துப் பெட்டிக்குள்ளிருந்து வரும் வாட்சுகளில் மெட்ராஸ் பி. ஆர் அண்ட் சன்ஸ் என்றோ, பம்பாய் கல்கத்தா வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி என்றோ இருக்கும். அது விற்றவர்களின் பெயர். உள்ளே இருக்கும் மெஷின் வேறு இடத்தில் செய்ததாக இருக்கும், வெஸ்ட் எண்ட் பெயரில் வந்தவற்றுக்குள் லாஞ்சின்ஸ் செய்த மெஷின்கள் உண்டு. கேஸின் மூடிக்குள் பொறித்திருக்கும் எண்ணையும் கம்பெனிப் பெயரையும் பார்த்து மெஷினை முடிவு செய்வதும் அதே மாதிரித் தவறு, இரண்டும் வேறு வேறு கம்பெனி என்று இப்போதுதானே பார்த்தோம்.

விதிவிலக்கு இரண்டு பக்கமும் உண்டு. அதனால் பெயர் பார்த்த பிறகு லென்ஸ் வைத்து, ஸ்டெம் மெஷினுக்குள் நுழையும் இடத்தைச் சுற்றித் தேடுங்கள். பாலத்தகடு (சக்கரங்களின் மேல் திருகியிருக்கும் தகடு) எதையும் பிடிக்காமல், ஸ்டெமுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் பக்கத்தில் தனியாக நிற்கும் சின்னத் திருகாணி ஒன்று தெரிந்தால் அது ஸ்டெமை விடுவிக்கும் லீவருடையது. அப்படி ஒன்றும் இல்லை, விளிம்பில் கேஸைக் கவ்வியபடி இரண்டு திருகாணி மட்டும் இருக்கின்றன என்றால் ஸ்லீவ் வகை. இன்னும் சந்தேகமா? செல்போனில் கிட்டத்தில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள், கண்ணுக்குத் தப்பியது படத்தில் தெரியும்.

எதைத் தொடுவதற்கு முன்பும்: மெயின்ஸ்பிரிங்கை இறக்குங்கள்

சாவி கொடுக்கும்போது முறுக்கேறி வாட்சை ஓட்டும் சுருள்தான் மெயின்ஸ்பிரிங், இறக்குவது என்றால் அந்த முறுக்கை மெதுவாகத் தளர்த்துவது. இதைத் தவிர்க்கிறவர்கள்தான் அதிகம், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். கிரவுன் உள்ளே, சாவி கொடுக்கும் நிலையில் இருக்க வேண்டும். அந்தச் சுருள் இருக்கும் பீப்பாயின் மேலுள்ள பெரிய பல்சக்கரத்தின் பக்கத்தில் அதைத் திரும்ப விடாமல் தடுக்கும் சின்னக் கொக்கி இருக்கும், அதுதான் கிளிக். கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிரவுனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சாவி கொடுக்கும் திசையில் ஒரு இம்மி திருப்பினால் கிளிக்கின் மேலுள்ள பாரம் விடும். அந்த நொடியில் கூராகச் சீவிய மூங்கில் குச்சியால் கிளிக்கை விலக்கிப் பிடித்து, கிரவுனை விரல்களுக்கு நடுவே மெதுவாக நழுவ விடுங்கள். ஒரே மூச்சில் விடாதீர்கள். விட்டால் சக்கரம் விர்ரென்று ஓடி கிளிக்கோ பல்லோ போகும், மூங்கில் குச்சிக்குப் பதில் எஃகு முனை வைத்திருந்தால் தகட்டில் நீளமாக ஒரு கீறலும் விழும். கிரவுன் தானாகத் திரும்புவது நின்றபிறகு அடுத்த வேலைக்குப் போகலாம்.

கிரவுனே உடைந்து, ஸ்டெம் சுற்றவில்லை என்றால் இப்படி இறக்க முடியாது. பீப்பாயின் மேல் சக்கரத்தில் இருக்கும் திருகாணியில் சரியாகப் பொருந்தும் திருப்புளியை வைத்து அழுத்திப் பிடித்து, கிளிக்கை விலக்கி அதேபோல் இறக்கலாம், ஆனால் அந்தத் திருகாணி இடக்கை மறையா வலக்கை மறையா என்று தெரியாவிட்டால் இதைக் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

கிரவுனை இழுத்தால் டக்கென்று ஒரு சத்தம் கேட்கிறது, அதற்கு மேல் வரவில்லை

ஸ்லீவ் வகையில் இது பழுதே இல்லை. ஸ்டெம் நடுவில் கொஞ்சம் தடித்திருக்கும், ஸ்லீவின் விரல்கள் அந்தத் தடிப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவும்போதுதான் அந்தச் சத்தம். உள்ளே இருந்தால் சாவி, வெளியே இருந்தால் முள் திருப்பல், அவ்வளவுதான் அதன் வேலை. முழுதாக வெளியே வரும்படி அது செய்யப்படவில்லை. மெஷினை எடுக்க ஸ்டெமைக் கழற்றவும் தேவையில்லை, அந்த டக் வரைக்கும் இழுத்துவிட்டால் ஸ்டெமின் சதுர நுனி மெஷினை விட்டு விலகிவிடும்.

சரி, ஸ்டெமையே மாற்ற வேண்டும், கிரவுன் தேய்ந்துவிட்டது என்றால் வரிசை இப்படி. மெஷினை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். காலிக் கேஸுக்குள் எட்டிப் பார்த்தால் ஸ்டெமின் சதுர நுனி கழுத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். பல் இல்லாத வழவழப்பான மூக்குக் குறடால் அந்தச் சதுரத்தைப் பிடித்துக்கொண்டு, வெளியே கிரவுனைக் கடிகாரச் சுற்றுக்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். சாதாரண வலக்கை மறைதான், கழலும். கிரவுன் போனபிறகு கழுத்துக்குள் மேலிருந்து பார்த்தால் ஸ்லீவின் வாய் தெரியும். அதைத் திருகி எடுக்க ஸ்லீவ் ரெஞ்ச் என்று தனிக் கருவி இருக்கிறது, நட்சத்திரம் மாதிரி பல கை உள்ளது, ஒவ்வொரு கையும் ஒரு அளவு. ஸ்லீவின் வெட்டுகளில் ஆடாமல் உட்காரும் கையைத் தேர்ந்தெடுத்து, நேராக அழுத்தி, எதிர்ச்சுற்றில் திருப்புங்கள். ஸ்டெம் வழியில் நின்றால் கொஞ்சம் உள்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். சிலவற்றில் ஸ்டெம் ஸ்லீவோடு சேர்ந்தே மேலே வரும்.

கழற்றும் முன் ஒரு வேலை: ஸ்லீவ் கழுத்தின் விளிம்பிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று வெர்னியர் காலிப்பரின் வால் கம்பியால் அளந்து எழுதி வையுங்கள். திரும்பப் போடும்போது அந்த எண் இல்லாவிட்டால் அரை மணி நேரத் தலைவலி. ஸ்லீவ் ரெஞ்ச் இல்லை என்றால் இந்த வேலையில் இறங்க வேண்டாம். கத்திரி நுனி, உடைத்த பிளேடு என்று எதையாவது வைத்துத் திருப்பினால் ஸ்லீவின் வாய் பிய்ந்துவிடும், பிய்ந்தபிறகு சரியான கருவிக்கும் பிடி கிடைக்காது.

கிரவுனை இழுத்தாகிவிட்டது, ஆனாலும் மெஷின் வரவில்லை

கேஸ் திருகாணிகளைப் பாருங்கள். சிலவற்றின் தலை பாதி வெட்டியது போல அரைவட்டமாக இருக்கும், அதை முழுதும் கழற்ற வேண்டாம், வெட்டிய பக்கம் கேஸைப் பார்க்கும்படி அரைச் சுற்று திருப்பினால் போதும். முழு வட்டத் தலை என்றால் கழற்றி எடுத்துவிட வேண்டும். இரண்டும் முடிந்தும் வரவில்லையென்றால் எந்தப் பக்கம் தள்ளுகிறீர்கள் என்று பாருங்கள். இந்த வாட்சுகளில் பெரும்பாலானவற்றில் மெஷின் டயல் பக்கமாகத்தான் வெளியே வரும், பின்பக்கமாக வராது. கண்ணாடி வளையத்தைக் கழற்றியபிறகு (திருகுவதா, நெம்புவதா என்று முதலில் பாருங்கள்), கிரவுனுக்கு எதிர்ப்புறம் தகட்டின் விளிம்பில் மென்மையாக அழுத்துங்கள். இப்படியும் அப்படியும் ஆடும் பேலன்ஸ் வீல் பக்கம் விரல் போகவே கூடாது. கீழே உள்ளங்கையில் மெல்லிய தாள் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள், துணி வேண்டாம், சின்ன விநாடி முள் துணி நூலில் மாட்டி உருவிக்கொண்டு வந்துவிடும்.

டயல் எனாமலாக இருந்தால் இன்னும் நிதானம் வேண்டும். செம்புத் தகட்டின் மேல் சுட்ட கண்ணாடிப் பூச்சு அது, விளிம்பில் நகத்தால் நெம்பினாலே மயிரிழை விரிசல் ஓடும், பிறகு அதை மறைக்கலாம், சரி செய்ய முடியாது.

ஸ்விங்-அவுட் கேஸ் என்று ஒரு வகை உண்டு, பின்பக்கம் திறக்க மூடியே இருக்காது. கண்ணாடி வளையத்தைத் திருகி எடுத்தால் மெஷின் ஒரு கீல் வளையத்தில் உட்கார்ந்திருக்கும். 6 மணிப் பக்கம் நகம் வைக்க ஒரு சின்ன உதடு இருக்கும், அதைத் தூக்கினால் மெஷின் கதவு மாதிரித் திறக்கும். கிரவுனை டக் என்று இழுக்காமல் இதைத் தூக்குவதுதான் இந்த வகையில் ஸ்டெம் வளைவதற்கும் உடைவதற்கும் பெரிய காரணம். தூக்கும்போது கொஞ்சம் தடுத்தாலும் நிறுத்திவிட்டு கிரவுனை மறுபடி பாருங்கள்.

மேல்மூடி உள்ள ஹண்டர் வகையில் கிரவுனை அழுத்தினால் மூடி திறக்கும். கழுத்துக்குக் கீழே ஒரு எஃகுப் பட்டை ஸ்பிரிங் இருக்கும், ஸ்டெம் அதன் ஓட்டை வழியாகத்தான் போகிறது. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, கிரவுனை இழுத்துவிட்டு, உள் கண்ணாடி வளையத்தை எடுத்தால் மற்றதெல்லாம் முன்னே சொன்ன மாதிரிதான்.

மெஷினை வெளியே எடுத்தபின் சாவியே ஏறவில்லை

இதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் ரொம்பப் பேர். அமெரிக்க ஸ்லீவ் வகை மெஷின் தானாக விட்டால் முள் திருப்பும் நிலையில்தான் நிற்கும், உள்ளே ஒரு ஸ்பிரிங் அப்படித் தள்ளி வைத்திருக்கிறது. கேஸிலுள்ள ஸ்டெம் உள்ளே அழுத்தும்போதுதான் அது சாவி நிலைக்கு மாறும். ஸ்டெம் இல்லாமல் மேசையில் கிடக்கும்போது சாவி ஏறாதது சரியான நடத்தை. எதையும் பிரிக்காதீர்கள்.

உள்ளே அழுத்தினாலும் முள்தான் சுற்றுகிறது, அல்லது வெளியே இழுத்தாலும் முள் அசையவில்லை

இரண்டுக்கும் காரணம் ஒன்றே, ஸ்லீவின் ஆழம். கிரவுன் உள்ளே இருந்தும் முள் சுற்றினால் ஸ்டெம் போதிய ஆழத்துக்குப் போய் மெஷினைத் தள்ளவில்லை, ஸ்லீவைக் கால் சுற்று உள்ளே திருகுங்கள். வெளியே இழுத்தும் சாவி நிலையிலேயே நின்றால் ஸ்டெம் தேவைக்கு மேல் ஆழத்தில் இருக்கிறது, ஸ்லீவைக் கால் சுற்று வெளியே எடுங்கள். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் மெஷினைப் பொருத்திச் சோதிக்க வேண்டும், அலுப்பான வேலைதான், குறுக்குவழி இல்லை. யாரோ வேறு கேஸிலிருந்த மெஷினை இந்தக் கேஸில் போட்டிருந்தால் இந்த அறிகுறி அடிக்கடி வரும்.

டக் சத்தமே இல்லை, கிரவுன் தொளதொளவென்று வெளியே சரிகிறது

ஸ்லீவின் விரல்களில் ஒன்றோ இரண்டோ உடைந்திருக்கும். உடைந்த துண்டு எங்கே என்று தேடுங்கள், மெஷினுக்குள் விழுந்திருந்தால் ஓடவே ஓடாது. விரல் உடையாமல் அகன்று மட்டும் போயிருந்தால் ஸ்லீவை வெளியே எடுத்து மெல்லச் சேர்த்து அழுத்தலாம். ஆனால் அது கடினப்படுத்திய எஃகு, ஓரளவுக்கு மேல் வளைத்தால் படீரென்று போய்விடும். புது ஸ்லீவ் போடுவது நல்லது. பழைய உதிரி ஸ்லீவ்கள் இன்னும் கிடைக்கின்றன, மறையின் விட்டத்தையும் நீளத்தையும் அளந்து வாங்குங்கள்.

கிரவுன் சுற்றுகிறது, எதுவும் நடக்கவில்லை

சாவியும் ஏறவில்லை, முள்ளும் அசையவில்லை என்றால் கிரவுனின் மறை தேய்ந்து ஸ்டெமின் மேல் சும்மா சுற்றுகிறது, அல்லது ஸ்டெம் நடுவில் உடைந்துவிட்டது. மெல்ல இழுங்கள். கிரவுன் மட்டும் கையோடு வந்தால் அதன் ஓட்டைக்குள் லென்ஸ் வைத்துப் பாருங்கள்: உள்ளே எஃகுத் துண்டு தெரிந்தால் ஸ்டெம் உடைந்திருக்கிறது, வெறும் ஓட்டை என்றால் மறை போயிருக்கிறது அல்லது தானாகக் கழன்றிருக்கிறது. தானாகக் கழலுவது எப்படி என்றால், முள் இறுக்கமாக இருக்கும் வாட்சில் பின்பக்கமாக நேரம் திருப்பும்போது அந்த எதிர்ச்சுற்று கிரவுனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிக்கொண்டே வரும். அப்படியானால் திரும்பத் திருகிப் பொருத்தினால் போதும், ஆனால் முள் ஏன் இறுக்கம் என்பதையும் பாருங்கள்.

கிரவுனும் ஸ்டெமும் சேர்ந்தே கையோடு வந்துவிட்டன

சுவிஸ் வகை என்றால், அந்தச் சின்னத் திருகாணி தளர்ந்திருக்கிறது. ஸ்டெமை உள்ளே விட்டு இலேசாகத் திருப்பிக்கொண்டே தள்ளுங்கள், சதுரம் சக்கரத்தின் சதுர ஓட்டையில் விழுந்ததும் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். அப்படியே பிடித்துக்கொண்டு திருகாணியை இறுக்குங்கள். பிறகு இழுத்துப் பார்த்தால் முள் திருப்பும் நிலையில் நிற்க வேண்டும். ஸ்லீவ் வகை என்றால் ஸ்லீவே மறையிலிருந்து கழன்று வந்திருக்கும், அல்லது விரல்கள் போயிருக்கும்.

சுவிஸ் மெஷினில் திருகாணியைத் தளர்த்தியும் ஸ்டெம் வரவில்லை

ஒன்று அல்லது இரண்டு சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் தளர்த்தாதீர்கள். அந்தத் திருகாணி கீழே டயலுக்கு அடியில் இருக்கும் லீவரைத்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது. முழுதும் கழற்றினால் லீவர் திருகாணியிலிருந்து விடுபட்டு டயலுக்குக் கீழே விழுந்துவிடும், ஸ்டெம் என்னவோ உடனே வந்துவிடும், திரும்பப் போட்டால் நிற்காது. அதன்பிறகு முட்களை எடுத்து, டயலின் கால் திருகாணிகளைத் தளர்த்தி, டயலைத் தூக்கித்தான் லீவரை இடத்தில் வைக்க முடியும். செய்யக்கூடியதுதான், ஆனால் எனாமல் டயலைத் தேவையில்லாமல் தூக்குவானேன்?

இரண்டு சுற்றில் வரவில்லை என்றால், ஒரு கையால் கிரவுனை மிக மெல்ல இழுத்தபடி திருகாணியை இன்னும் கால் சுற்று தளர்த்துங்கள், ஸ்டெம் அசைகிறதா என்று உணருங்கள். அதற்கும் அசையாவிட்டால் துரு. ஊடுருவும் எண்ணெயை ஊசி நுனியில் ஒரு பொட்டு எடுத்து, ஸ்டெம் மெஷினுக்குள் நுழையும் இடத்தில் மட்டும் வைத்து ஓர் இரவு விடுங்கள். ஸ்பிரே டப்பாவை வாட்சின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அந்த எண்ணெய் பரவி, பேலன்ஸ் வீலோடு இருக்கும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கில் ஏறினால் சுற்றுகள் ஒட்டிக்கொண்டு வாட்ச் தலைதெறிக்க வேகமாக ஓடும், டயலுக்கு அடியில் போனால் எழுத்தைக் கெடுக்கும்.

இந்த வகையில் ஸ்டெமை எடுத்தபிறகுதான் கேஸ் திருகாணி, அப்புறம்தான் மெஷின். அமெரிக்க வகைக்கு நேர் மாறான வரிசை.

கிரவுன் ஸ்டெமோடு துருவேறி ஒன்றாகிவிட்டது

நம் ஊர் ஈரக்காற்றுக்கு இது அதிகம் வருகிற பிரச்சினை. ஸ்டெமும் கிரவுனும் வாட்சை விட்டுத் தனியாக வெளியே இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் முயற்சி, ஊடுருவும் எண்ணெயில் ஓர் இரவு. ஸ்டெமை பின் வைஸில் (மெல்லிய கம்பிகளைக் கவ்வும் சின்னக் கைப்பிடிக் கருவி) பிடித்து, கிரவுனைத் தோல் துண்டு சுற்றிப் பிடித்துத் திருப்புங்கள். தோல் இல்லாமல் குறடு நேரடியாகப் பட்டால் தங்கத் தகடு போர்த்திய கிரவுனில் வரிகள் நசுங்கி அடியிலுள்ள பித்தளை தெரிய ஆரம்பிக்கும்.

இரண்டாவது, சூடு. சால்டரிங் அயர்ன் நுனியைக் கிரவுனின் அடியில் அரை நிமிடம் வைத்து, ஆறும்போது திருப்பிப் பாருங்கள். யாராவது முன்பு சூப்பர் க்ளூவோ அரக்கோ போட்டு ஒட்டியிருந்தால் இந்தச் சூட்டில் விட்டுவிடும். பசை என்று சந்தேகம் வந்தால் அசிட்டோனில் ஊறவைக்கலாம், அரக்கு என்றால் ஸ்பிரிட். நெருப்புச் சுடர் வேண்டவே வேண்டாம், மெல்லிய தங்கத் தகடு கறுத்து உப்பிவிடும். சூடு வைக்கும் நாளில் அசிட்டோன் புட்டியை அந்த மேசையிலேயே வைக்காதீர்கள்.

மூன்றாவது, எனக்கு ரொம்பப் பிடித்தது, படிகாரம். மளிகைக் கடையில் கிடைக்கும் அதே படிகாரம்தான். வெந்நீரில் இனி கரையாது என்கிற அளவுக்குக் கரைத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி (அலுமினியமோ இரும்போ கூடாது), கிரவுனையும் அதில் சிக்கிய உடைந்த ஸ்டெம் துண்டையும் போட்டு விடுங்கள். கொஞ்ச நேரத்தில் எஃகின் மேல் சின்னச் சின்னக் குமிழ்கள் வர ஆரம்பிக்கும், எஃகு கறுத்து, பொடியாகி, நாளாக ஆகக் கரைந்துபோகும். பித்தளையையும் தங்கத்தையும் அது கிட்டத்தட்டத் தொடாது. வெதுவெதுப்பாக வைத்திருந்தால் வேகமாக நடக்கும், கரைசல் கலங்கினால் மாற்றுங்கள். முடிந்ததும் கிரவுனின் மறையில் மென்மையான தூரிகை விட்டு நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். ஆனால் மறக்காதீர்கள், இது எஃகைத் தின்கிற வழி. ஸ்டெம் போய்விடும், அதனால் மாற்று ஸ்டெம் கையில் வந்தபிறகு செய்யுங்கள். கிரவுனின் உள்பகுதியே எஃகாக இருந்தால் அதுவும் சேர்ந்து போகும், முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஸ்லீவ், ஸ்பிரிங், மெஷின் எதுவும் அந்தக் கிண்ணத்தின் பக்கமே வரக்கூடாது.

கிரவுனை இழுத்தாலும் முள் திரும்பவில்லை, வேறு வழியும் தெரியவில்லை

லீவர் செட் வாட்சாக இருக்கலாம். இதில் கிரவுன் சாவிக்கு மட்டும்தான். முன்கண்ணாடி வளையத்தைத் திருகி எடுத்தால் டயலின் ஓரத்தில், மேல்மூடி இல்லாத சாதாரண வாட்ச் என்றால் 1, 2 மணிக்குப் பக்கத்தில், ஒரு சின்ன எஃகு நாக்கு தெரியும். அதை நகத்தால் வெளியே இழுத்தால் கிரவுன் முள்ளைத் திருப்பும். அமெரிக்க ரயில்வே வாட்சுகளில் இதைக் கட்டாயமாக்கினார்கள், தெரியாமல் கிரவுன் இழுபட்டு நேரம் மாறிவிடக் கூடாது என்பதற்காக. 1891 ஏப்ரல் 18 அன்று ஒஹையோவில் கிப்டன் என்ற ஊரில் இரண்டு ரயில்கள் மோதின, ஓட்டுநர் ஒருவரின் வாட்ச் நான்கு நிமிடம் நின்று மறுபடி ஓடியதுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. அதன்பிறகு வெப் சி. பால் என்ற நகை வணிகரிடம் வாட்சுகளைச் சோதிக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள், ரயில்வே வாட்சுக்கான விதிகள் ஒவ்வொன்றாக இறுகின.

மெஷினைக் கழற்றும் முன் அந்த நாக்கை உள்ளே தள்ளிவிடுங்கள், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கேஸில் இடித்து வளையும். நாக்கால் நேரம் திருப்பினாலும் ஸ்டெம் பெரும்பாலும் ஸ்லீவில்தான் இருக்கும், மெஷினை எடுக்க கிரவுனை வெளியே இழுக்கத்தான் வேண்டும்.

கிரவுன் பக்கத்தில் குட்டிப் பொத்தான் இருக்கிறது

இது பின் செட். அந்தப் பொத்தானை நகத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கிரவுனைத் திருப்பினால் முள் நகரும். கிரவுனை இழுக்கும் நிலையே இதில் கிடையாது, இழுத்தால் ஸ்டெம்தான் அறும். தனிச் சாவி இல்லாமல் வாட்சை முறுக்கும் முயற்சிகள் சூடுபிடித்த காலத்தில் வந்தது இந்த ஏற்பாடு. பிரெஞ்சுக் கடிகாரக் கலைஞர் ஆட்ரியன் ஃபிலிப் 1845இல் காப்புரிமை எடுத்தது ஒரு வழி, சுவிஸ் கடிகாரக் கலைஞர் ஆந்த்வான் லெகூல்த்ர் 1847இல் கொண்டுவந்த பொத்தான் ஏற்பாடு இன்னொரு வழி. கழற்ற, ஸ்டெம் நுழையும் இடத்தருகே தகட்டிலோ கழுத்தின் பக்கவாட்டிலோ சின்னத் திருகாணி இருக்கிறதா என்று பாருங்கள், அது ஸ்டெமின் பள்ளத்தில் உட்கார்ந்து பிடித்திருக்கும். மெஷின் வெளியே வந்ததும் பொத்தான் கேஸிலிருந்து நழுவி விழும், தட்டின் மேல் வைத்தே பிரியுங்கள்.

கிரவுன் சுற்றவே சுற்றாது, அழுத்த மட்டும் செய்கிறது

பின்மூடியைத் திறந்து சாவித் துவாரம் இருக்கிறதா பாருங்கள். வால்தமின் 1857 மாடல், பழைய இங்கிலீஷ் வாட்சுகள் எல்லாம் தனிச் சாவியால் முறுக்குபவை. அங்கே கழுத்தின் மேல் இருக்கும் குமிழ் மூடியைத் திறக்கத்தான், சிலவற்றில் அதுவும் இல்லை, வெறும் அலங்காரம். அதைத் திருகி எடுக்க முயல வேண்டாம்.

திரும்பப் பொருத்தும்போது

ஸ்டெமின் சதுரத்திலும் ஸ்லீவின் விரல்கள் படும் தடிப்பிலும் மட்டும் வாட்ச் கிரீஸ் ஊசி நுனியளவு போதும். ஸ்லீவ் வகை என்றால் கிரவுன் வெளியே இழுத்த நிலையில் இருக்கும்போதே மெஷினை உட்கார வைத்து, கேஸ் திருகாணியைத் திருப்பி, பிறகு கிரவுனை இலேசாகத் திருப்பிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். சதுரம் சதுரத்தில் விழும் வரைக்கும் அழுத்தக் கூடாது. பத்துப் பல் அளவுக்குச் சாவி கொடுத்து, முள்ளை இருபக்கமும் திருப்பிப் பார்த்து, எல்லாம் சரி என்றபிறகே கண்ணாடி வளையத்தை மூடுங்கள். ஹண்டர் வகையாக இருந்தால் மேல்மூடியை அப்படியே டப்பென்று சாத்தாமல், கிரவுனை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூடியை வைத்து, பிறகு கிரவுனை விடுங்கள். கொக்கி தேயாது, அந்தக் கொக்கி தேய்ந்த கேஸுக்கு உதிரிப் பாகம் தேடுவது ஸ்டெம் தேடுவதைவிடக் கஷ்டம்.